ஓடும் மனிதனைத் துரத்தும் நாய்கள்! பிடித்ததும் என்ன செய்யும்?

மரக்காணம் உப்பளப் பகுதியில், கடலோரமாக இருக்கும் ஊர் கீழ்புத்துப்பட்டு. அங்கே மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் ஐயனார் கோவில் இருக்கிறது.

இராத்திரியில் ஐயனார் குதிரை ஏறி ஊரைக் காவல் காப்பார். வேட்டை நாய்களும் கூடவே ஓடிவரும். இது நம் கிராமத்து மக்களின் நம்பிக்கை.

முன்னே ஒருவன் ஓடுகிறான். பின்னே நாய்கள். அதன் பின்னே குதிரைகள். இப்படி ஒரு காட்சியை இங்கிலாந்து நாட்டின் கிராமப்புறங்களில் பட்டப்பகலில், நேருக்கு நேராகப் பார்க்கலாம்!

ஓடுகிறவன் திருடனா? இல்லை. பிடிபடுவதற்காகவே ஓடுகிறான். இது ஒரு விளையாட்டு.

நரிக்குப் பதில் மனிதன்

குதிரை ஏறி, நாய்களை ஏவி, நரியைத் துரத்திக் கொல்வது இங்கிலாந்தில் பழைய பொழுதுபோக்கு. "இது கொடுமை" என்று எதிர்ப்பு கிளம்பியது. 2004-ம் ஆண்டு தடைச் சட்டம் வந்தது. 2005-ல் அது அமுலாயிற்று.

மனிதனைத் துரத்தத் தடை இல்லை. அவன் தானாக முன்வந்து ஓடுகிறான் அல்லவா? இந்த விளையாட்டு சட்டத்துக்கு முன்பே அங்கு உண்டு.

இதற்கு வேண்டிய நாய் 'பிளட்ஹவுண்டு'. தொங்கும் காது, சுருங்கிய நெற்றி, சோகமான முகம். பெயரில்தான் 'இரத்தம்'. குணத்தில் பரம சாது!

வேட்டை நாள்

குளிர் காலத்தில் ஒரு நாள். காலையில் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவார்கள். எந்த நிலத்தின் வழியாக ஓடலாம் என்று விவசாயிகளிடம் முன்பே அனுமதி வாங்கி இருப்பார்கள். ஓடுகிறவன் முதலில் புறப்படுவான். வயல், ஓடை, தோப்பு என்று சில மைல் தூரம் ஓடுவான்.

அவன் கண்ணுக்கு மறைந்து, கொஞ்ச நேரம் கழிந்த பிறகே நாய்களை அவிழ்ப்பார்கள். அவை தரையை முகர்ந்து, குரல் கொடுத்துக்கொண்டு பாயும். குதிரைகள் பின்தொடரும்.

கடைசியில் ஆளைப் பிடித்துவிடும். பிறகு?

வாலை ஆட்டும். மேலே தாவி முகத்தை நக்கும்! அவன் கொடுக்கும் தீனியைத் தின்றுவிட்டு அவனோடு விளையாடும்.

மூக்கின் ரகசியம்

நம் தோலில் இருந்து நுண்ணிய துகள்கள் ஓயாமல் உதிர்கின்றன. அவற்றில் நம் வாசனை இருக்கிறது. ஒருவர் வாசனை போல இன்னொருவருக்கு இருப்பதில்லை. பிளட்ஹவுண்டு அதைப் பிரித்து அறியும்.

ஈரத் தரையில் வாசனை தங்கும். காய்ந்த தரையில் சீக்கிரம் போய்விடும். அங்கே குளிர் காலத்தில் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் உப்பளத்து நண்பகல் வெயிலில் எந்த நாயும் திணறத்தான் செய்யும்.

"மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை" என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். வெயிலும் காற்றும் வாசனையைக் கலைத்திருக்கலாம். திருடன் அந்த இடத்தில் வண்டி ஏறி இருக்கலாம். குற்றம் நாயின் மேல் அல்ல.

இந்திய சுப்ரீம் கோர்ட்டும் 1969-ல் ஒரு வழக்கில், மோப்ப நாய் காட்டும் தடயத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்க முடியாது என்று கூறியது. நாயைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே!

கண்ணீர்க் கதை

இந்த மூக்குக்குச் சோகக் கதையும் உண்டு.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். கொடுமை தாங்காமல் தப்பி ஓடியவர்களை நாய்களை ஏவிப் பிடித்தார்கள். அந்த நாய்கள் கடித்துக் குதறவும் பழக்கப்பட்டவை. 1865-ல்தான் அடிமை முறை ஒழிந்தது.

கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1968-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனை பெற்ற ஜேம்ஸ் ஏர்ல் ரே, 1977 ஜூன் மாதம் சிறையில் இருந்து தப்பி மலைக்காட்டுக்குள் ஓடினான். 54 மணி நேரம் கழித்து, இலைகளுக்கு அடியில் பதுங்கிக் கிடந்தவனைக் கண்டுபிடித்தவை பிளட்ஹவுண்டு நாய்கள்!

அடிமையையும் துரத்தியது நாய். அடிமைகளின் சந்ததியில் வந்த தலைவரைக் கொன்றவனையும் பிடித்தது நாய்.

காணாமல் போன குழந்தையைத் தேடவும் இதே மூக்குதான் உதவுகிறது.

நாய்க்கு நல்லவன், கெட்டவன் தெரியாது. வாசனைதான் தெரியும். யாரைத் தேட வேண்டும், பிடித்ததும் நக்குவதா, கடிப்பதா என்று பழக்குகிறவன் மனிதன்.

அதனால்தானோ என்னவோ, நம் ஊரில் நாய்களை ஐயனாருடன் அனுப்பி வைத்திருக்கிறார்கள்!