பாய்மர வாழ்வும் அன்னபூரணியும்

கரிசல் நிலத்து உழவர், புரட்டாசி பிறந்ததும் வானத்தையும் காற்றின் திசையையும் உற்றுநோக்குவர். எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்து மானாவாரி நிலங்களில் பருத்தி, கம்பு, உளுந்து ஆகியவற்றின் விளைச்சலை வடகிழக்குப் பருவமழையே முடிவு செய்கிறது. அம்மழையைக் கொண்டுவரும் காற்று கடலோடிகளுக்கும் உரியது. கரிசலில் விளைந்த பருத்தி, தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக அயல்நாடுகளுக்குச் சென்றது. அத்துறைமுகத்துத் தோணிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பாய்விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் அப்பால், யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையும் இவ்வாறே பாய்மரக் கப்பல்களுக்குப் பெயர்பெற்ற ஊராகும். அங்குக் கட்டப்பட்ட ஒரு கப்பல், பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு தீவுகளைச் சுற்றிய ஓர் அமெரிக்க இணையரின் வாழ்வோடு இணைந்தது.

கனவு என்னும் படகு

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அமெரிக்காவைச் சேர்ந்தவர். இவர் 1928 முதல் 1931 வரை, ஏறத்தாழ 32 அடி நீளமே உடைய ‘சுவாப்’ என்னும் பாய்மரப் படகில் உலகை வலம்வந்தார். அக்காலத்தில் உலகைச் சுற்றிய படகுகளுள் மிகச் சிறியவற்றுள் அதுவும் ஒன்று. உறக்கம், கனவு எனப் பொருள்படும் வடமொழிச் சொல்லே அப்படகின் பெயராயிற்று. பின்னர் ஃபுளோரன்ஸ் கிரேன் என்பவரை மணந்த ராபின்சன், அதே படகில் அவருடன் பசிபிக் பெருங்கடலுக்குப் புறப்பட்டார்.

தீவுதோறும் தங்கி, விரும்பியபோது நங்கூரம் தூக்கிச் செல்லும் வாழ்வு, கரையிலிருந்து காண்போருக்குக் கட்டற்ற வாழ்வாகத் தோன்றும். அவ்வாழ்வைத் தாங்குவன கட்டுப்பாடும் கணக்குமே ஆகும்.

காற்றும் நீரும்

கடலில் தொலைவைக் கடல் மைலால் அளப்பர். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஆகும். மணிக்கு ஐந்து கடல் மைல் செல்லும் படகு, காற்று நின்றுவிடாமல் வீசினால் ஒரு நாளில் 120 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 222 கி.மீ. கடக்கும். காற்று ஓய்ந்தால் படகும் ஓயும். ஆகவே பயணத்தின் காலத்தைக் காற்றே வகுக்கிறது. வெப்பமண்டலக் கடல்களில் புயல் தோன்றும் மாதங்களில் பாதுகாப்பான துறையில் தங்கி, அவை கழிந்த பின்னரே கடலோடிகள் பாய்விரிப்பர்.

படகில் இருவரே இருப்பின், ஒருவர் உறங்கும்போது மற்றவர் சுக்கானருகே விழித்திருத்தல் வேண்டும். எதிர்வரும் கப்பலையும், திடீரெனத் திரும்பும் காற்றையும், பாறைமேல் சிதறும் அலையின் ஓசையையும் விழித்திருப்பவரே கவனிக்க வேண்டும். ஒருவரது உயிர் மற்றவரது விழிப்பில் அடங்கியுள்ளது.

நன்னீர்ச் சிக்கனம் அதனினும் இன்றியமையாதது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் எனக் கொண்டால், இருவருக்கு 30 நாள்களுக்கு 240 லிட்டர் வேண்டும். குளிப்பதும் துவைப்பதும் இக்கணக்கில் அடங்கா. எனவே மழை பெய்யும்போது பாயில் வழியும் நீரைக் கலங்களில் சேர்த்துக்கொள்வர். ஊருணியில் மழைநீரைத் தேக்கிக் கோடையைக் கடத்திய கரிசல் மக்களுக்கு, நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும் குடிநீரை அளந்து அருந்தும் இவ்வாழ்வு எளிதில் விளங்கும்.

தீவில் நேர்ந்த இடர்

1934 ஆம் ஆண்டு ராபின்சன் இணையர் கலாபகோஸ் தீவுகளை அடைந்தனர். ஈக்வடார் நாட்டுக்குரிய அத்தீவுகள் தென்னமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கி.மீ. தொலைவில் உள்ளன. நிலநடுக்கோட்டின்மீது அமைந்திருந்தும், அவற்றின் தாழ்நிலங்கள் வறண்டவை. நன்னீர் அரிதாகவே கிடைக்கும். அங்கு நங்கூரமிட்டிருந்தபோது ராபின்சனின் குடல்வால் அழற்சியுற்று வெடித்தது. மருத்துவமனை இல்லை, செய்தி அனுப்பும் வானொலிக் கருவியும் படகில் இல்லை.

தற்செயலாக அவ்வழியே வந்த மீன்பிடிக் கப்பல் ஒன்றில் அக்கருவி இருந்தது. அதன் அழைப்பைக் கேட்டு, பனாமாக் கால்வாய்ப் பகுதியிலிருந்து அமெரிக்கக் கடற்படை வானூர்திகளில் மருத்துவர்கள் வந்து சேர்ந்தனர். ராபின்சன் உயிர்பிழைத்தார். ஆனால், சுவாப் படகோடு அவர்களால் ஊர் திரும்ப இயலவில்லை. தனித்து வாழ்வதற்கென்று கடலுக்குச் சென்றவர்களையும், இறுதியில் பிறரது துணையே காத்தது.

வல்வெட்டித்துறையின் கப்பல்

அதன்பின் ராபின்சனின் நாட்டம் இந்தியப் பெருங்கடலின் மரபுவழிப் பாய்மரக் கப்பல்களின்மீது சென்றது. நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்ட அக்காலத்திலும் வல்வெட்டித்துறைக் கடலோடிகள் பாய்மரக் கப்பல்களில் அரிசி, ஓடு, மரம் முதலிய சரக்குகளை ஏற்றி இந்தியக் கரைகளுக்கும் பர்மாவுக்கும் சென்று வந்தனர். தென்மேற்குப் பருவக்காற்று வங்கக் கடலைக் கடந்து செல்லவும், வடகிழக்குப் பருவக்காற்று திரும்பி வரவும் அவர்களுக்கு உதவின. வேம்பு, இலுப்பை முதலிய மரங்களை அறுத்துச் செதுக்கிக் கலம் அமைக்கும் அறிவு, தந்தையிடமிருந்து மகனுக்குக் கைத்தொழிலாகவே வழங்கி வந்தது.

அவ்வூரில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’ இரண்டு பாய்மரங்களும் 89 அடி நீளமும் உடைய கப்பல். ராபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ எனப் பெயரிட்டார். அதனை அமெரிக்கா கொண்டுசேர்க்கும் பணியில் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் ஈடுபட்டனர். கப்பலைச் செலுத்தும் தலைவரை ஈழத்துக் கடலோடிகள் தண்டையல் என அழைப்பர்.

கப்பல் செங்கடலைக் கடந்து, சூயசுக் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலில் நுழைந்தது. பின்னர் சிப்ரால்டரையும் பெர்முடாத் தீவையும் தொட்டு, அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி, 1938 ஆகஸ்டு மாதத்தில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. குளோஸ்டர், தலைமுறை தலைமுறையாகப் பாய்மரக் கப்பல் கட்டியும் மீன்பிடித்தும் வாழ்ந்த ஊர். கலத்தின் தரம் அறிந்த அவ்வூர் மக்கள் தமிழ்க் கடலோடிகளை வியப்புடன் வரவேற்றனர். பாஸ்டன் நகர நாளிதழ் அச்செய்தியை வெளியிட்டது.

பெயரும் அறிவும்

ராபின்சன் இணையரின் தீவுப் பயணங்கள் நூல்களாக அச்சேறின. அன்னபூரணியைக் கட்டிய தச்சர்களும் அதனைச் செலுத்தியவர்களும் தம் பயணத்தை நூலாக எழுதி வைத்தவர்களாக அறியப்படவில்லை. வல்வெட்டித்துறை மக்களின் நினைவும் அயல்நாட்டு இதழ்ச் செய்தியும் அவர்களது அருஞ்செயலைக் காத்து வந்துள்ளன. விலைக்கு வாங்கியவர் கப்பலுக்குப் புதுப்பெயர் சூட்டலாம். அதன் மரத்தைத் தேர்ந்த கண்ணும், இணைப்பைப் பொருத்திய கையும், காற்றை அறிந்து பாயைத் திருப்பிய பட்டறிவும் வல்வெட்டித்துறையினுடையவை.

வல்வெட்டித்துறையிலும் தூத்துக்குடியிலும் பாயின் இடத்தைப் பின்னாளில் பொறி பிடித்துக்கொண்டது. காற்றின் போக்கை உடலால் உணர்ந்தவரும், வரைபடமின்றிக் கலம் கட்டியவரும் அருகிவருகின்றனர். கைத்தொழில் அறிவு அதனை உடையவரோடு மறையும் இயல்பினது. கரிசலின் முதிய உழவர் மேகத்தைப் பார்த்து விதைப்பு நாளைக் குறிக்கும் அறிவும் அத்தகையதே. இவ்வறிவுகளை உடையோர் வாழும் காலத்திலேயே கேட்டு எழுதி வைப்பது கற்றோரின் கடமையாகும்.