எந்தப் படலையால் வந்தவர்?

மல்லாகத்திலிருந்து புதுக்கடைக்கு – 6

சென்ற கிழமை ஒரு கிணற்றுப் பங்கு வழக்கோடு நிறுத்தினோம். இணுவில் செம்மண்ணில் புகையிலைக்கு இறைத்த கிணறு. மூன்று தலைமுறை உறுதிகள். இறைப்பு முறை யாருக்கு எந்த நாள் என்று தொடங்கிய வாய்த்தர்க்கம் மல்லாகம் வரை போனது. மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றவர் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கும் தோற்று, அதற்குமேல் போக அனுமதியும் கிடைத்தால், கொழும்பு புதுக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றம். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பதைத்தான் இங்கே உயர் நீதிமன்றம் என்கிறோம். அதற்கு மேலே முறையிட இடமில்லை.

ஆகவே, அந்தக் கதிரைகளில் யார் இருக்கிறார்கள், யார் இருத்தினார்கள் என்பது கொழும்பு அரசியல்வாதிகளின் கவலை மட்டுமல்ல. இணுவில் கிணற்றுக்காரரின் கவலையும்தான்.

2015 ஜனவரி கடைசியில் ஊர் வாசிகசாலையில் நடந்த ஒரு பேச்சு இன்றும் நினைவிருக்கிறது. அந்த மாதம் 2ஆம் திகதிதான் காங்கேசன்துறை வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தது. இணுவில் ஸ்டேஷனில் ரயிலை வேடிக்கை பார்க்கும் கூட்டம் இன்னும் குறையவில்லை. அதற்குள் அடுத்த சந்தோஷம்: கனகசபாபதி ஸ்ரீபவன் பிரதம நீதியரசர்.

“எங்கட இந்துக் கல்லூரிப் பெடியன் தம்பி!” என்று பத்திரிகையை நீட்டினார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்.

“ஆர் மாஸ்டர் போட்டது?”

“ஜனாதிபதி.”

“அவர் நினைச்சால் ஆரையும் போடலாமோ?”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்ப போடலாம்,” என்றார்.

அந்த “இப்ப” என்ற சொல்லுக்குள் இந்த வாரக் கதை முழுவதும் இருக்கிறது.

இணுவிலில் இருந்து காங்கேசன்துறை வீதியால் தெற்கே சைக்கிளை மிதித்தால் கொக்குவில் தாண்டி வண்ணார்பண்ணையில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. வடக்கே மிதித்தால் மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம். பள்ளிக்கூடமும் வழக்கும் ஒரே வீதியில். அந்தக் கல்லூரியில் படித்த ஸ்ரீபவன், சட்டக் கல்லூரியை முடித்து, 1978இல் சட்டமா அதிபர் திணைக்களத்தில் அரச சட்டத்தரணியாகச் சேர்ந்தார். கால் நூற்றாண்டு அளவு அங்கேயே படிப்படியாக ஏறினார். 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர். 2007இல் அதன் தலைவர். 2008இல் உயர் நீதிமன்றம்.

உயர் நீதிமன்றத்துக்குப் போக இது ஒரு படலை. வேறு இரண்டு படலைகளும் உண்டு. சி.வி. விக்னேஸ்வரன் மட்டக்களப்பு, சாவகச்சேரி போன்ற இடங்களில் கீழ் நீதிமன்றங்களில் இருந்து, மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம் என்று ஏறி 2001இல் உயர் நீதிமன்றத்தை அடைந்தவர். வடமாகாண முதலமைச்சர் ஆனது அதற்குப் பிறகு வந்த கதை. 1984இல் பிரதம நீதியரசரான எஸ். சர்வானந்தா, தனிப்பட்ட சட்டத்தரணியாகத் தொழில் செய்து அங்கிருந்து நேரே நீதியரசராக எடுக்கப்பட்டவர். கீழ் நீதிமன்றங்களுக்கு நீதவான்களை நியமிப்பது பிரதம நீதியரசர் தலைமையிலான நீதிச்சேவை ஆணைக்குழு. அங்கே பரீட்சை உண்டு, நேர்முகம் உண்டு. உச்சிக்குப் போகும்போதுதான் பரீட்சை இல்லை, நேர்முகம் இல்லை. ஜனாதிபதியின் எழுத்தாணைதான்.

1978 அரசியலமைப்பு அந்த எழுத்தாணைக்கு எந்தக் கடிவாளமும் போடவில்லை. 2001இல் 17ஆவது திருத்தம் போட்டது: அரசியலமைப்புப் பேரவை அங்கீகரித்தால்தான் நியமனம். ஆனால் 2005இல் பேரவையின் காலம் முடிந்த பிறகு புதிய பேரவை அமைக்கப்படவில்லை. சட்டம் புத்தகத்தில் இருந்தது, பேரவை இல்லை, நியமனங்கள் நடந்தன. ஸ்ரீபவன் உயர் நீதிமன்றம் வந்தது அந்த இடைவெளியில்தான். 2010இல் 18ஆவது திருத்தம் பேரவையையே நீக்கியது. அதன் இடத்தில் வந்த குழுவிடம் ஜனாதிபதி அபிப்பிராயம் கேட்கவேண்டும். கேட்டபடி நடக்கவேண்டியதில்லை.

விளைவு 2013 ஜனவரியில் தெரிந்தது. பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மீது குற்றப்பிரேரணை. பாராளுமன்றத் தெரிவுக்குழுவுக்கு ஒரு நீதியரசரின் குற்றத்தைத் தீர்மானிக்கும் சட்ட அதிகாரம் இல்லை என்று மூன்று நீதியரசர்கள் சொன்னார்கள். அந்த மூவரில் ஒருவர் ஸ்ரீபவன். பாராளுமன்றம் கேட்கவில்லை. பண்டாரநாயக்க நீக்கப்பட்டார். முன்னாள் சட்டமா அதிபர் மொஹான் பீரிஸ் அந்தக் கதிரைக்கு வந்தார். 2015இல் ஆட்சி மாறியதும், அந்த நீக்கமே செல்லாது, ஆகவே கதிரை காலியாக இருக்கவே இல்லை என்றது புதிய அரசு. பண்டாரநாயக்க ஜனவரி 28இல் திரும்பி வந்து அடுத்த நாள் ஓய்வுபெற்றார். 30ஆம் திகதி, மூப்பில் முன்னின்ற ஸ்ரீபவன் பதவியேற்றார். 1991க்குப் பிறகு அந்தக் கதிரையில் ஒரு தமிழர்.

ஊர் கொண்டாடியதில் பிழையில்லை. தகுதியானவர், முறைப்படி மூத்தவர். ஆனால் அவரை நியமித்த அதே பேனை, விரும்பியிருந்தால் வேறொருவரின் பெயரையும் எழுதியிருக்கலாம். எங்களுக்கு வாய்த்தது நல்ல மனம். நல்ல முறை அல்ல.

முறை அதன் பிறகு வந்தது. 2015 ஏப்ரலில் 19ஆவது திருத்தச் சட்டமூலத்தைப் பரிசீலித்த குழாமுக்கு ஸ்ரீபவனே தலைமை தாங்கினார். பேரவை இல்லாமல் வந்தவர், பேரவையை மீட்கும் சட்டத்தை எடைபோட்டார். பத்துப் பேர் கொண்ட பேரவை. அதில் மூவர் பாராளுமன்றத்துக்கு வெளியே இருந்து. பிரதம நீதியரசரின் கருத்தையும் கேட்கவேண்டும். ஜனாதிபதி அனுப்பிய பெயர்களை அந்தப் பேரவை ஏற்க மறுத்ததும் உண்டு. 2020இல் 20ஆவது திருத்தம் அதையும் கலைத்தது. நீதியரசர்களின் உச்ச எண்ணிக்கையை 11இலிருந்து 17ஆகவும் கூட்டியது. 2022இல் 21ஆவது திருத்தம் பேரவையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஸ்ரீபவன் 2017இல், 65 வயதில் ஓய்வுபெற்றுவிட்டார். 2001இலிருந்து கணக்குப் பார்த்தால் ஐந்து தரம் விதி மாறியிருக்கிறது.

இத்தனை இழுபறி எதற்கு? 1987இல் 13ஆவது திருத்தச் சட்டமூலத்தை ஒன்பது நீதியரசர்கள் விசாரித்தார்கள். முடிவு 5க்கு 4. ஒரு தலை மறுபக்கம் அசைந்திருந்தால் மாகாண சபைச் சட்டம் சர்வசன வாக்கெடுப்புக்குப் போயிருக்கும். 2018 டிசெம்பரில், ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று ஏழு நீதியரசர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். பிரதம நீதியரசர் அந்த ஜனாதிபதியே பெயர் குறித்து, பேரவை அங்கீகரித்து வந்தவர்.

வெளியூர்களிலும் இதற்கு ஒரே விடை இல்லை. இந்தியாவில் 1993இலிருந்து நீதிபதிகளே நீதிபதிகளைத் தெரிவுசெய்கிறார்கள். அதை மாற்ற வந்த சட்டத்தை 2015இல் உச்ச நீதிமன்றம் இரத்துச் செய்தது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு மக்களே வாக்களிக்கிறார்கள். 2025இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஒரேயொரு நீதிபதிக் கதிரைக்கு நடந்த தேர்தலில் 9 கோடி டொலருக்கு மேல் செலவானது. அவ்வளவு காசு கொட்டி வென்றவர் முன்னால் காசு கொடுத்தவரின் வழக்கு வந்தால்? மிசூரி மாநிலம் 1940இலேயே அந்த வழியை விட்டு, ஒரு குழு பெயர்களைப் பரிந்துரைக்க ஆளுநர் அதிலிருந்து எடுக்கும் முறைக்கு மாறியது. எங்கள் பேரவை அதற்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். ஆனால் அங்கே பெயர் குழுவிடமிருந்து வருகிறது. இங்கே ஜனாதிபதியிடமிருந்து. பேரவை தலையாட்டலாம், அல்லது மறுக்கலாம்.

என் தீர்ப்பு இதுதான்: இருக்கிற முறைகளில் பேரவையே மேல். ஆனால் பத்தில் ஏழு பேர் அரசியல்வாதிகளாக, பூட்டிய கதவுக்குள் கூடும் பேரவை அரைவாசி வேலைதான் செய்யும். என்ன அளவுகோலால் ஒருவரை ஏற்றோம், ஏன் மறுத்தோம் என்று ஊருக்குச் சொல்லும் நாள் வரவேண்டும்.

அந்த ஆசிரியர் இன்றில்லை. அடுத்த முறை “எங்கட ஆள்” ஒருவரின் பெயர் பத்திரிகையில் வரும்போது, வாசிகசாலையில் இருப்பவர்கள் தயவுசெய்து இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். ஆள் நல்லவர், சரி. எந்தப் படலையால் வந்தவர்? அந்தத் திறப்பு யாருடைய கையில் இருந்தது?