தரைக்கு அடியில் ஒரு திரி

புதிய டைல்ஸ் பதித்தால் ஓதம் போய்விடும் என்று நம்பும் புனேவாசிகளுக்கு ஜூலை மாதம் வேறு பதில் வைத்திருக்கிறது.

ஜூலை பிறந்தால் போதும். புனேயின் பழைய தரைத்தள வீடுகளில் பாயைச் சுருட்டும்போது அடியில் ஈரத் தடம் தெரியும். டைல்ஸ் இடுக்குகளில் உப்புப் பூக்கும். டிரங்குப் பெட்டியின் அடியில் துரு, கீழ்த்தட்டுப் புத்தகங்களில் பூஞ்சணம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவருக்கு அது கெட்ட காலம். மராட்டியர்கள் இதை 'ஓல்' என்கிறார்கள். தமிழில் ஓதம். (பழைய இலக்கியத்தில் கடலலைக்கும் ஓதம்தான் பெயர். தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்தப் பொருத்தம் புரியும்.)

வீட்டைப் புதுப்பிப்பவர்கள் பலரும் செய்வது ஒன்றுதான். விநாயகர் சதுர்த்திக்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில், பழைய தரையின் மேலேயே பளபளப்பான டைல்ஸ். ஓரிரு மழைக்காலம் தாங்கும். பிறகு சில டைல்ஸ் தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும். தரையில் வழி கிடைக்காத ஈரம் சுவரோரமாக ஏறி, பெயின்ட்டை உரிக்கும்.

கான்கிரீட் பார்வைக்குத்தான் பாறை. உள்ளே முழுக்க நுண்துளைகள். ஸ்டவ் திரி மண்ணெண்ணெயை இழுப்பதுபோல் அவை மண்ணின் ஈரத்தை இழுக்கின்றன. துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். புனேயின் அடியில் கிடப்பது தக்காணத்துக் கரும்பாறை. பல இடங்களில் அதன்மேல் கரிசல் மண். மழைநீர் பாறைக்குள் எளிதில் இறங்காமல் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

பேஷ்வா கால வாடாக்கள் உயரமான கல் பீடத்தின் மேல் நின்றன. சுண்ணாம்புக் காரையில் பதித்த கல்தளத்தில் ஏறிய ஈரம், இடுக்குகள் வழியே வெளியேறியும்விடும். 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்தபோது முத்தா நதிக்கரைப் பேட்டைகளில் ஏராளமான வீடுகள் இடிந்தன. அதன்பின் வளர்ந்த நகரம் பெரும்பாலும் சிமென்ட் நகரம். சிமென்ட் தளமும் அதன்மேல் ஒட்டிய டைல்ஸும் ஈரத்தை ஏறவிடும், வெளியேற விடாது. போதாக்குறைக்கு சாலை மேல் சாலை போட்டதில் பல வீடுகளின் தரை தெருவுக்குச் சமமாகிவிட்டது.

செலவு செய்வதற்கு முன் ஒரு எளிய சோதனை. ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் ஒட்டு நாடாவால் ஒட்டி, ஒரு நாள் விடவேண்டும். தாளின் அடியில் நீர்த்துளி நின்றாலோ, தரை கறுத்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. தாளின் மேல்பக்கம் வியர்த்தால், அது குளிர்ந்த தரையில் மழைக்காலக் காற்று விடும் நீர். அதற்குத் தரையை உடைக்கவேண்டாம், ஜன்னலும் மின்விசிறியும் போதும். குளியலறையை ஒட்டி மட்டும் ஈரம் தெரிந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது நஹானி டிராப்பையும் குழாயையும்தான். ஓதம் என்று பழி சுமத்தப்படும் பல ஈரங்கள் வெறும் கழிவுநீர்.

கீழிருந்துதான் வருகிறது என்றால் தரையைப் பெயர்ப்பதே உத்தமம். மண்ணைக் கெட்டித்து, பெரிய கற்களை அடுக்கவேண்டும். மேஸ்திரிகள் மொழியில் சோலிங். கற்களின் அகன்ற இடைவெளியில் நீர் ஏறமுடியாது. அதன்மேல் மெல்லிய மணல், பிறகு 250 மைக்ரான் கனமுள்ள பாலித்தீன் விரிப்பு, அதற்கும் மேல் கான்கிரீட். விரிப்பின் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அரை அடியாவது ஏறியிருக்கவேண்டும். ஓரங்கள் சுவரில் மடங்கி, சுவரின் ஓதத் தடுப்பு அடுக்கைத் தொடவேண்டும். வேலை கெடுவது பெரும்பாலும் இந்த ஓரத்தில்தான், அல்லது கம்பி குத்திக் கிழிந்த இடத்தில். கான்கிரீட் கொட்டும் நாளில் வீட்டுக்காரர் ஆபீசுக்கு லீவு போடுவது நல்லது.

பெயர்க்க வசதியில்லாதவர்கள் பழைய கான்கிரீட்டைச் சுரண்டி, விரிசல்களை அடைத்து, எபாக்ஸி வகை ஈரத்தடுப்புப் பூச்சு இரண்டு கை பூசலாம். மொட்டைமாடிக்கு என்று விற்கும் பூச்சு மேலிருந்து இறங்கும் நீருக்கானது. இங்கே வேண்டியது கீழிருந்து தள்ளும் ஈரத்தைத் தாங்குவது. சிமென்ட்டில் கலக்கும் திரவத்துக்கு ஐ.எஸ். 2645 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு. அது கான்கிரீட்டின் ஈரம் கடத்தும் தன்மையைக் குறைக்கும். விரிசல் விட்ட இடத்தில் அதனால் பயனில்லை. ஒரு பாட்டிலைக் கலவையில் ஊற்றிவிட்டு வாட்டர் புரூஃபிங் முடிந்தது என்று சொல்லும் கொத்தனாரிடம் பாக்கியைத் தர அவசரப்படவேண்டாம்.

புதிய கான்கிரீட்டில் கலந்த நீரும் வெளியேறவேண்டுமே? அங்குல கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டுமானத் துறையின் உத்தேசக் கணக்கு. ஜனவரியில் நாலு அங்குலத் தளம் போட்டால் மே மாதம் டைல்ஸ் பதிக்கலாம். ஜூனில் கொட்டி ஆகஸ்டில் மூடினால், வீட்டுக்காரரே காசு கொடுத்து ஈரத்தை உள்ளே அடைத்ததாகிறது.

2024 ஜூலை 25 அன்று கனமழையும் கடக்வாஸ்லா அணை திறப்பும் சேர்ந்து சிங்காட் சாலையின் ஏக்தா நகரியில் வீடுகளுக்குள் வெள்ளத்தைக் கொண்டுவந்தன. வெள்ளம் வடிந்துவிடும், ஊறிய தரை உலர அடுத்த கோடைகூட ஆகலாம். அத்தகைய வீடுகளில் பாலித்தீன் சோதனையை மாதம் ஒருமுறை செய்து, தொடர்ந்து இரண்டு முறை காய்ந்த தரை தெரிந்த பிறகே டைல்ஸ் கடைக்குப் போகலாம்.