நாலு பேர் போதும்

அல்லிநகரத்துக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. தேனி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மலையும் வைகையும் முல்லைப் பெரியாறும்தான் தெரியும். ஆனாலும் தமிழ்நாடு மறக்காத ஒரு கடற்கரைக் காதலைப் படமாக்கியவர் அல்லிநகரத்துக்காரர்தான். பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981-ல் வந்தது. பிராமணப் பையனும் கிறிஸ்தவப் பெண்ணும் கடைசியில் பூணூலையும் சிலுவையையும் எறிந்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள். படம் அங்கே முடிந்துவிடுகிறது.

நிஜத்தில் அந்த இடத்தில்தான் எல்லாமே ஆரம்பிக்கிறது. அன்றைக்கு இரவு எங்கே தங்குவது? கல்யாணத்தை யார் முன்னால் செய்வது? எந்தச் சட்டத்தில் செய்வது? ஜோடியில் ஒருவர் காலனியிலிருந்து வந்தவராக இருந்துவிட்டால் இவையெல்லாம் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதை நாடே பார்த்தது.

வெளிநாடுகளில் இப்போது கடற்கரையில் சிறிதாகக் கல்யாணம் செய்துகொள்வது ஒரு விருப்பம். மண்டபம் கிடையாது, ஊர்விருந்து கிடையாது. மணமக்கள், இரண்டு சாட்சிகள், சடங்கை நடத்திவைக்க ஒருவர் இருந்தால் போதும். ஆஸ்திரேலியாவில் 1973 முதல், மதகுரு அல்லாத சாதாரண ஆண்களையும் பெண்களையும் இதற்காகவே அரசு நியமிக்கிறது. அவர்களிடம் குறைந்தது ஒரு மாதம் முன்பு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டால், கடற்கரையிலோ வீட்டுத் தோட்டத்திலோ திருமணத்தை நடத்திவைப்பார்கள். செலவும் கூட்டமும் வேண்டாம் என்று அங்கே இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊரில் சாதி தாண்டி மணப்பவர்களுக்குச் சின்னக் கல்யாணத்தை விட்டால் பெரும்பாலும் வேறு வழி இருப்பதில்லை.

ஐயர் இல்லாத கல்யாணம் நமக்குப் புதிதும் இல்லை. அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928-லேயே பெரியார் சுயமரியாதைத் திருமணம் நடத்திவைத்தார். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் அப்படி மணந்தார்கள். ஆனால் 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய திருமணம் செல்லாது என்று சொல்லிவிட்டது. குழந்தை குட்டியோடு வாழ்ந்தவர்கள் சட்டத்தின் பார்வையில் கணவன் மனைவி இல்லை என்றானது. அண்ணா முதல்வரான பிறகுதான் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று ஆனது.

சட்டம் கேட்பது என்ன?

பிரிவு 7-ஏ கேட்பது மிகக் குறைவு. உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ‘இவரை என் கணவராக ஏற்கிறேன்’, ‘இவரை என் மனைவியாக ஏற்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்ற வேண்டும், மோதிரம் போட வேண்டும், தாலி கட்ட வேண்டும். இவற்றில் ஒன்று நடந்தாலே போதும். புரோகிதர் தேவையில்லை, அக்னி தேவையில்லை, மண்டபமும் தேவையில்லை. வைகைக் கரையிலும் செய்யலாம், நண்பர் வீட்டுத் திண்ணையிலும் செய்யலாம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். இருவருமே வேறு திருமண பந்தத்தில் இருக்கக் கூடாது.

ரகசியமாகச் செய்தால் செல்லுமா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடக்கும் திருமணம் சுயமரியாதைத் திருமணம் ஆகாது என்று 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்று ஒதுக்கியது. குடும்ப எதிர்ப்புக்கும் உயிருக்கும் பயந்த ஜோடியைப் பகிரங்கமாக அறிவிக்கச் சொல்வது அவர்களை ஆபத்தில் தள்ளுவதாகும் என்பதே நீதிமன்றத்தின் பார்வை. வழக்கறிஞரும் தொழில்முறையில் இல்லாமல் நண்பராகவோ உறவினராகவோ சமூக ஆர்வலராகவோ முன்னின்று நடத்திவைக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, 7-ஏ தமிழ்நாட்டுக்கான திருத்தம். ஏலத்தோட்ட ஜீப்பில் தினமும் மலையேறும் நம் பிள்ளைகளுக்கு குமுளியும் நெடுங்கண்டமும் பக்கத்து ஊர் மாதிரி. ஆனால் எல்லை தாண்டி கேரளத்தில் தாலி கட்டிவிட்டு 7-ஏவை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டாவது, இந்தப் பிரிவு இந்துக்களுக்கு மட்டுமானது. சட்டத்தின் கணக்கில் பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம். ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் மதம் மாறாமல் மணக்க இருக்கும் ஒரு வழி, 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்.

அந்தச் சட்டத்தில் ஒரு முள் இருக்கிறது. இருவரில் ஒருவர் 30 நாட்களாவது வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுவார்கள். ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. பெயரும் முகவரியும் சுவரில் இருக்கும் அந்த 30 நாட்களில் ஊருக்குச் செய்தி போய்விடும். எனவே பாதுகாப்புக்கான ஏற்பாட்டை அறிவிப்பு கொடுப்பதற்கு முன்பே செய்துகொள்வது நல்லது. கெடு முடிந்ததும் மூன்று சாட்சிகள், அலுவலர் முன்னிலையில் திருமணம் நடக்கும். அலுவலகத்துக்கு வெளியே, நியாயமான தூரத்தில் மணமக்கள் விரும்பும் இடத்திலும் கூடுதல் கட்டணத்தில் நடத்தலாம்.

7-ஏ-ன்படி மணந்தாலும் பதிவு செய்வதில் அலட்சியம் கூடாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் உண்டு. முன்னின்றவர் எழுதிக் கொடுக்கும் தாள் பதிவுச் சான்றுக்கு ஈடாகாது. வயதுச் சான்று, சாதிச் சான்று, ஆதார், மாற்றுச் சான்றிதழ் ஆகியவை வீட்டுப் பீரோவில் மாட்டிக்கொண்டால் எல்லாமே நின்றுபோகும். அவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

காவல் நிலையத்தில்

பெண்ணைக் காணவில்லை என்று வீட்டார் புகார் கொடுப்பார்கள். பல நேரம் கடத்தல் என்றும் எழுதுவார்கள். 18 வயது முடிந்த பெண் ‘என் விருப்பத்தில் வந்தேன்’ என்று வாக்குமூலம் கொடுத்தால் அவரைப் பெற்றோருடன் போகச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வயது வந்தவர்கள் விரும்பியவரை மணக்கலாம், அவர்களை மிரட்டுவோர் மீது காவல்துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் லதா சிங் வழக்கில் சொல்லிவிட்டது.

நம் பக்கத்து உசிலம்பட்டிப் பகுதியில் 2014-ல் சாதி மாறி மணந்த இளம்பெண் ஒருவர் இறந்தார். அந்த வழக்கில்தான் 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு அமைக்க உத்தரவிட்டது. காவல் கண்காணிப்பாளர், மாவட்ட சமூக நல அலுவலர், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகிய மூவரும் அதில் இருக்க வேண்டும். 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றமும் பாதுகாப்பு இல்லம், சிறப்புப் பிரிவு எல்லாம் வேண்டும் என்றது. ஆகவே பாதுகாப்பு மனுவை உள்ளூர் நிலையத்தோடு நிறுத்தாமல் இந்த மூன்று அலுவலர்களுக்கும் அனுப்பி, ஒப்புகையை வாங்கி வைக்க வேண்டும்.

மனுவில் மறக்கக் கூடாத ஒரு வரி உண்டு. ஜோடி வெளியூர் போய்விடும். கோபம் காலனியில் இறங்கும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி 250-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். எனவே பையனின் அப்பா, அம்மா, தங்கை பெயர்களையும் தெருவின் பெயரையும் எழுதி அவர்களுக்கும் பாதுகாப்பு கேட்க வேண்டும். வேலைக்குக் கூப்பிடாமல் ஒதுக்குவதும் கடையில் சாமான் தர மறுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். உதவிக்கு 14566 என்ற தேசிய எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112.

கையில் காசில்லாமல் கிளம்புகிறவர்களுக்கு இன்னொரு தகவல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு கலப்புத் திருமண உதவித் திட்டத்தில் 25,000 ரூபாயும், பட்டதாரி என்றால் 50,000 ரூபாயும், கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கமும் உண்டு. திருமணமான 2 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆணவக் கொலைக்கு எதிராகத் தனிச் சட்டம் வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் கொல்லப்பட்ட பிறகு அது வலுத்தது. அந்த அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் இதை ஆராய ஆணையம் அமைக்கப்படும் என்று முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

அதுவரை இருக்கிற சட்டமே ஒரு கல்யாணத்துக்குப் போதும். குறைவது பக்கத்தில் வந்து நிற்கிற ஆட்கள்தான். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் பிள்ளைகளை அடக்குகிறோம். சிறப்புத் திருமணச் சட்டம் கேட்பதும் நாலு பேரைத்தான்: மூன்று சாட்சிகள், ஒரு அலுவலர். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, ஒரு நாள் உங்கள் வகுப்புத் தோழரோ தோழியோ தயங்கித் தயங்கி உங்களிடம் வந்து, ‘சாட்சிக்கு வருவியா?’ என்று கேட்கலாம். ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் அடுத்த வாரம், அடுத்த மாதம் போன் செய்து, நல்லா இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.