சல்பேட்டா, சல்பைடா? உப்பின் பெயரைச் சரியாகப் படியுங்கள்!

வயிற்றுக் கோளாறு என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு, எக்ஸ்ரே எடுக்கும் முன்பு சில சமயம் வெள்ளையான மாவுக் கரைசல் ஒன்றைக் குடிக்கக் கொடுப்பார்கள். அதன் பெயர் பேரியம் சல்பேட். அது தண்ணீரிலும் கரையாது; வயிற்றிலுள்ள அமிலத்திலும் கரையாது. குடலின் உருவத்தை எக்ஸ்ரேயில் காட்டிவிட்டு, உடம்பில் சேராமல் வெளியேறிவிடும்.

இதுவே பேரியம் கார்பனேட் என்றால், அது எலியைக் கொல்லும் நஞ்சு. பேரியம் சல்பைடும் நஞ்சுதான். இவை வயிற்று அமிலத்தில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, இதயத் துடிப்பையே குலைத்துவிடும். மூன்றிலும் இருப்பது ஒரே பேரியம்தான். பெயரின் பின்பாதியில்தான் உயிர் இருக்கிறது!

பின்பாதி சொல்லும் சேதி

உப்பின் பெயரில் முன்பாதி பெரும்பாலும் உலோகம். பின்பாதி அதன் கூட்டாளி. கூட்டாளியின் பெயர் "ஏட்" என்று முடிந்தால், அதில் ஆக்சிஜன் சேர்ந்திருக்கிறது. "ஐட்" என்றால் அதைவிட ஓர் ஆக்சிஜன் குறைவு. "ஐடு" என்றால் பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லை. சல்பேட்டில் கந்தகத்தோடு 4 ஆக்சிஜன், சல்பைட்டில் 3, சல்பைடில் ஒன்றுமில்லை.

பழைய பெயர்கள் இப்படி உள்ளதைச் சொல்வதில்லை. நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் என்றால் தாமிர சல்பேட். பால்துத்தம் என்றால் துத்தநாக சல்பேட். இரண்டும் "துத்தம்"தான். ஆனால் முன்னது நீல நிறம், விழுங்கினால் விஷம். பின்னதோ வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்கு டாக்டர்கள் அளவறிந்து கொடுக்கும் மருந்து.

ஐரோப்பாவிலும் முன்பு இதே குழப்பம் இருந்தது. 1787-ல் பிரான்சில் லவாய்சியர் உள்ளிட்ட 4 விஞ்ஞானிகள், பொருளில் என்ன இருக்கிறதோ அதையே பெயராக வைக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றைய பெயர்கள் அந்த வழியில் வந்தவையே.

கடன் கணக்கு போலத்தான்

பெயர் தெரிந்தால் வாய்பாடு எழுதலாம். இது கொடுக்கல் வாங்கல் கணக்கு. உலோகம் எலெக்ட்ரானைக் கொடுக்கும், கூட்டாளி வாங்கிக்கொள்ளும். இப்படிக் கொடுத்தும் வாங்கியும் மின்னூட்டம் பெற்ற அணுக்களே அயனிகள். கொடுத்ததும் வாங்கியதும் சமமாக வேண்டும்.

கால்சியம் 2 எலெக்ட்ரான் கொடுக்கும். குளோரின் ஒன்றுதான் வாங்கும். ஆகவே ஒரு கால்சியத்துக்கு 2 குளோரின் வேண்டும். கால்சியத்தின் குறி "சிஏ". குளோரினின் குறி "சிஎல்". "சிஏசிஎல்2" என்று எழுதி, 2-ஐ மட்டும் சிறிதாகக் கீழே போட்டால் முடிந்தது.

இரும்புக்கு இரண்டு குணம். 2 எலெக்ட்ரான் கொடுத்தால் பெரஸ். 3 கொடுத்தால் பெரிக். சல்பேட் 2 வாங்கும். எனவே பெரஸ் சல்பேட்டில் ஒன்றுக்கு ஒன்று. பெரிக் சல்பேட்டில் 2 இரும்புக்கு 3 சல்பேட். இந்தப் பெரஸ் சல்பேட்தான் நம் பாட்டிமார் சொல்லும் அன்னபேதி. ரத்தசோகைக்குத் தரும் இரும்பு மாத்திரைகள் பலவற்றிலும் இருப்பது இதுவே. பெரிக் உப்பைவிட இதை உடம்பு எளிதாக ஏற்றுக்கொள்கிறது.

மொழி மாறினாலும் குறி மாறாது

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் இந்தியில் படிக்கலாம். கன்னடத்திலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ படிக்கலாம். வீட்டில் அன்னபேதி என்பது பள்ளியில் வேறு பெயரில் வரும். ஆனால் வாய்பாடு எந்த மொழியிலும் ஒன்றே.

ஆகவே வாய்பாடுகளை உருப்போட வேண்டாம். எது எத்தனை கொடுக்கும், எது எத்தனை வாங்கும் என்று மட்டும் பிள்ளைகள் தெரிந்துகொண்டால் போதும். மீதியைக் கணக்கே சொல்லிவிடும். பாட்டிலின் மேல் ஒட்டிய சீட்டைக் கடைசி எழுத்து வரை படிக்கும் பழக்கமும் கூடவே வரட்டும். அது பரீட்சைக்கு மட்டுமல்ல, உயிருக்கும் காவல்.