பாதி வேலை பூச்சியுடையது

ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ரெனே மலேஸ் தம் வாழ்நாளில் பல வருடங்களைக் கூடாரங்களில் கழித்தவர். எங்கே கூடாரம் அடித்தாலும் பூச்சிகள் உள்ளே புகுந்துவிடும். புகுந்தவை வாசல் பக்கம் திரும்புவதே இல்லை. அது அகலத் திறந்து கிடந்தாலும், கூரையின் மேல்மூலையில் போய் முட்டிக்கொண்டே இருக்கும். ஒருமுறை அந்த மூலையில் துணி கொஞ்சம் கிழிந்திருந்தது. உள்ளே இருந்த பூச்சிகளெல்லாம் அந்த ஓட்டை வழியாக நெருக்கியடித்துக்கொண்டு வெளியேறின. வேறு யாராக இருந்தாலும் ஊசிநூலைத் தேடியிருப்பார்கள். மலேஸ் யோசித்தது வேறு: இந்த ஓட்டையில் ஒரு போத்தலைக் கட்டினால் என்ன?

1930களில் பர்மாவில் அவர் அதைச் செய்து பார்த்தார். 1937-இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்றும் அதற்கு மலேஸ் பொறி என்றே பெயர். அமைப்பு எளிது. நடுவே மெல்லிய கருப்பு வலைத்துணியில் ஒரு சுவர். பறந்து வரும் ஈயோ குளவியோ அது இருப்பது தெரியாமல் வந்து மோதும். மோதியதும் பின்வாங்குவதில்லை, மேலே ஏறும். மேலே வெள்ளைத் துணிக்கூரை, வெளிச்சம். கூரை ஒரு பக்கமாகச் சரிந்து உயர, அதன் உச்சியில் ஆல்கஹால் ஊற்றிய போத்தல். மின்சாரம் வேண்டாம், இரை வேண்டாம், காவலுக்கு ஆள் வேண்டாம்.

பூச்சி சேகரிப்புக் கருவியின் எடையைக் குறைப்பது என்றதும் நமக்கு அலுமினியக் குழாயும் கார்பன் கம்பியும்தான் நினைவுக்கு வரும். அவையும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் நல்ல கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், எடை இறங்கியது பெரும்பாலும் வேறு இடத்தில். பூச்சியின் பிடிவாதம் ஒன்றைக் கண்டுபிடித்து அதனிடமே பாதி வேலையை ஒப்படைத்துவிட்டார்கள்.

மலேஸின் பொறியைப் பைக்குள் அடக்கியவர் அமெரிக்கரான ஹென்றி டவுன்ஸ். ஒட்டுண்ணிக் குளவிகளில் பெரிய நிபுணர். அந்தக் குளவிகளோ இந்தப் பொறியில் கூட்டம் கூட்டமாக விழுபவை. 1962-இல் அவர் வெளியிட்ட வடிவம் பெரியது, தைப்பதும் தூக்குவதும் பெரும்பாடு. பத்து வருடம் கழித்து, 1972-இல், எடை குறைந்த மலேஸ் பொறி என்றே தலைப்பிட்டு இன்னொரு கட்டுரை எழுதினார். அதில் ஒரே ஒரு நீளச் சுவர், அதன் ஒரு முனையில் போத்தல். மேல்முகடு நெடுகக் கயிறு ஓடுவதால் இரண்டு மரம் கிடைத்தால் கட்டிவிடலாம். இன்று காடுகளில் நிற்கும் மலேஸ் பொறிகளில் மிகப் பல இந்த வடிவத்தின் வாரிசுகள்தாம். எங்கே கட்டுவது என்பது பொறியைவிட முக்கியம். பூச்சிகள் போகும் பாதையை, அதாவது காட்டோரத்தையோ ஓடையையோ ஒற்றையடிப் பாதையையோ, குறுக்கே மறித்துக் கட்ட வேண்டும். போத்தல் முனை வெளிச்சம் கூடிய பக்கம் இருக்க வேண்டும்.

வண்டுகளிடம் இந்தத் தந்திரம் அவ்வளவாகப் பலிக்காது. சுவரில் மோதிய வண்டு பெரும்பாலும் இறக்கையை மடக்கிக்கொண்டு பொத்தென்று கீழே விழும். அதனால் அதே சுவரை மட்டும் வைத்துக்கொண்டு, கூரையையும் போத்தலையும் விட்டுவிட்டு, அடியில் சோப்புத் தண்ணீர்த் தட்டுகளை வரிசையாக வைக்கிறார்கள். துணி ஒன்றுதான். ஏறுகிறவனுக்கு மேலே, விழுகிறவனுக்குக் கீழே. அந்தத் தட்டு மஞ்சளாக இருந்தால், சுவரே இல்லாவிட்டாலும் பல பூச்சிகள் தாமாக வந்து இறங்கும். வயலில் மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கும் விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கைவலைக்கு வருவோம். கடையில் வலை வாங்கும்போது எல்லோரும் கைப்பிடியைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பை. நெருக்கமாக நெய்த துணியாக இருந்தால் வீசும்போது காற்று வழியாமல் முன்னே தள்ளப்படும்; சின்னப் பூச்சி அந்தக் காற்றோடு விலகிப் போய்விடும். வண்ணத்துப்பூச்சிக்குக் கண் அகன்ற மெல்லிய வலைத்துணி வேண்டும். புல்லைத் துழாவி வாரும் வலைக்கு மட்டும் கிழியாத கெட்டித் துணி. பையின் ஆழம் வளையத்தின் விட்டத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தால்தான், பிடித்தவுடன் கையை ஒரு சுழற்றுச் சுழற்றிப் பையை வளையத்தின்மேல் மடித்து வாயை அடைக்க முடியும். அதன்பின் பையின் நுனியைத் தூக்கிப் பிடித்தால் போதும். உள்ளே இருப்பது மேல்நோக்கி ஏறும். கீழிருந்து குப்பியை நுழைக்கலாம். மலேஸ் கூடாரத்தில் கண்ட அதே பிடிவாதம்.

மிகச் சிறியவற்றுக்கு உறிஞ்சுகுப்பி. மூடியில் இரண்டு குழாய். ஒன்றை வாயில் வைத்து இழுத்தால் மற்றொன்றின் வழியாகப் பூச்சி குப்பிக்குள் வந்துவிடும். தத்துப்பூச்சிகளை ஆராய்ந்த அமெரிக்கர் பூஸின் பெயரால் இதைப் பூட்டர் என்பார்கள். வாய்ப்பக்கக் குழாயின் உள்முனையில் வலைத்துணி கட்டியிருக்கும். அது போதுமா? பால் ஹர்ட் என்ற பூச்சியியலாளர் அலாஸ்காவில் இப்படிச் சேகரித்துவிட்டுத் திரும்பிய பிறகு, அவருடைய மூக்குப் புழையிலிருந்து பூச்சிகள் வெளிவந்தன. வலைக்கண்ணுக்குத் தப்பிய மிகச் சிறிய பூச்சிகள் உள்ளே குடியேறியிருந்தன. 1954-இல் அவரே இதை சயன்ஸ் இதழில் எழுதினார். வாயால் இழுப்பதற்குப் பதில் ரப்பர் பல்பு பொருத்திய குப்பியை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது விங்க்லர் பை. காட்டுச் சருகில் வாழும் எறும்பு முதலிய சிற்றுயிர்களைப் பிரிக்க, 1905-இல் இத்தாலியரான பெர்லேஸி வகுத்த புனல் முறை உண்டு. சூடு காட்டினால் உயிர்கள் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிப் புனல் வழியாகக் குப்பியில் விழும். ஆய்வகத்தில் சரி, மலையுச்சியில் சூட்டுக்கு எங்கே போவது? விங்க்லர் பையில் சூடே கிடையாது. சருகைச் சல்லடையில் சலித்து, கீழே விழுந்த பொடியை வலைப் பைகளில் அடைத்து, பெரிய துணிப்பைக்குள் தொங்கவிடுகிறார்கள். கலைக்கப்பட்ட எறும்பு சும்மா இருக்காது. அங்குமிங்கும் அலைந்து, வலையைத் தாண்டி, அடியிலுள்ள குப்பியில் விழும். வழக்கமாக 48 மணி நேரம் விட்டுவைப்பார்கள். மொத்தக் கருவியும் மடித்த வேட்டி அளவுதான்.

இரவுப் பூச்சிகளுக்குத்தான் நெடுங்காலம் எடையைக் குறைக்க முடியவில்லை. பாதரச ஆவி விளக்கு, அதற்கு ஜெனரேட்டர், அதற்குப் பெட்ரோல். ஜெர்மனியின் யேனாவில் பணிபுரியும் குன்னர் ப்ரேம் 2017-இல் ஒரு எல்.இ.டி. விளக்கை வெளியிட்டார். எடை மிகக் குறைவு. கைப்பேசிக்கு வைத்திருக்கும் பவர் பேங்கே போதும். அந்துப்பூச்சியின் கண் கூர்மையாக உணரும் புறஊதா, நீலம், பச்சை அலைநீளங்களை முக்கியமாகத் தருவதால் மற்ற நிறங்களில் மின்சாரம் அதிகம் வீணாவதில்லை. விளக்கிடம் பூச்சி ஏன் சிக்குகிறது என்பதற்கு 2024-இல் வெளியான ஆய்வு ஒரு விடை சொல்கிறது. பூச்சி விளக்கை நோக்கிப் போகவே இல்லையாம். வெளிச்சம் இருக்கும் பக்கம் வானம் என்று கொண்டு அந்தப் பக்கம் முதுகைத் திருப்புகிறது. அதனால் பாதை வளைந்து வளைந்து விளக்கையே சுற்றுகிறது.

காட்டில் எதைப் பிடிப்பதற்கும் முன்னால் வனத்துறை அனுமதி வேண்டும். அந்தக் கடிதமும் பையில் இருக்கட்டும். கடைசியாக, பென்சிலும் கெட்டிக் காகிதமும். பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்துபோகும். பென்சில் எழுத்து அழியாது. பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர் ஆகிய மூன்றும் இல்லாத பூச்சி ஆய்வுக்கு உதவாது. காரைக்கால் வட்டாரத்துக் குரும்பகரத்தின் பெயர் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருப்பது இதனால்தான். சூசைநாதன் என்ற சேகரிப்பாளர் அங்கே பிடித்து அனுப்பிய பூச்சிகளின் ஊசிகளில் அந்த ஊர்ச்சீட்டு இன்னும் குத்தியிருக்கிறது. அவர் பெயரைத் தாங்கிய பூச்சியினங்களும் உண்டு.