வரிக்கு வரி நிற்கும் டீபக்கர், மேக்ரோவுக்குள் மட்டும் ஏன் நிற்பதில்லை?

ஒரகடத்துக் கார் ஆலைக்கு ஒரு பெட்டி வருகிறது என்று வையுங்கள். உள்ளே உதிரி பாகங்கள், கூடவே பெயர் எழுதிய சீட்டுகள். எதைச் சோதிப்பது? பட்டியல் இல்லையென்றால் பரிசோதகர் பெட்டியைப் பிரிக்காமலே அனுப்பிவிடுவார்.

ஈமாக்ஸ் எடிட்டரில் இருக்கும் ஈடீபக் என்ற டீபக்கரும் அப்படித்தான். லிஸ்ப் நிரலின் ஒவ்வொரு கோவையிலும் நின்று, கிடைத்த மதிப்பைக் காட்டும். அதற்காக முன்கூட்டியே கோவை ஒவ்வொன்றையும் சுற்றித் தன் சோதனைக் கட்டளையைச் சேர்த்துவிடும்.

இயங்கும் முன் வேறு நிரலாக விரியும் மேக்ரோவில்தான் வம்பு. அதற்கு நீங்கள் தருவனவற்றில் சில இயங்கும், சில வெறும் பெயர்கள். பெயரைச் சுற்றிக் கட்டளை சேர்த்தால் நிரலே உடைந்துவிடும். எது எதுவென்று தெரியாதபோது ஈடீபக் எதையும் தொடாது. நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல் ஓடுவது அதனால்தான்.

பட்டியலை மேக்ரோ எழுதியவரே தர வேண்டும். 'டிக்ளேர்' பகுதியில் 'டீபக்' என்று குறித்து எழுதுவார்கள். 'ஃபார்ம்' என்றால் இயங்கும் கோவை; 'சிம்பல்பி' என்றால் பெயர்; 'பாடி' என்றால் மிச்சமெல்லாம் இயங்கும்.

'டோலிஸ்ட்' மேக்ரோவைப் பாருங்கள். அடைப்புக்குள் ஒரு பெயர், ஒரு கோவை, வேண்டுமானால் இன்னொரு கோவை, வெளியே 'பாடி'. இந்த வடிவத்தை அப்படியே குறிப்பாக எழுதினால் போதும், ஈடீபக் பெயரைத் தாண்டி மற்றதில் நிற்கும்.

தருவதெல்லாம் இயங்குமா? 'டி' என்ற ஒற்றை எழுத்தே போதும். 'வென்' மேக்ரோவில் அவ்வளவுதான் இருக்கிறது.